சதுரங்கக் கலைஞர் திரோயிட்ஸ்கி

கல்லைக் கொண்டு அழகைப் படைப்பவன் சிற்பி. சொல்லைக் கொண்டு படைப்பவன் புலவன். 64 கட்டங்கள் வரைந்த ஒரு பலகையையும் சில மரக்காய்களையும் கொண்டு அழகைப் படைப்போரும் உலகில் உளர். அவர்களே சதுரங்கப் புதிர்களை இயற்றும் கலைஞர்கள். அவர்களுள் தலைசிறந்தவராக மதிக்கப்பெறுபவர் உருசிய நாட்டினரான அலெக்ஸி திரோயிட்ஸ்கி ஆவார். அவர் பெரும்பதவி வகித்தவரல்லர், பொருள் ஈட்டியவருமல்லர், காடு காக்கும் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். எனினும் சதுரங்கம் ஆடப்பெறும் நாடுகளிலெல்லாம் அவர் பெயர் இன்றும் நிலைபெற்றுள்ளது.

சதுரங்கம் நம் பாரத நாட்டிற் பிறந்த ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையினை உடைமையால் அஃது அப்பெயர் பெற்றது. இங்கிருந்து பாரசீகம் சென்று, அராபியர் வழியாக அவ்வாட்டம் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. ஆட்டத்தின் நடுவே தோன்றும் அரிய நிலைகளைத் தனியே எடுத்து, இந்நிலையிலிருந்து வெல்லும் வழி யாது என்று பிறரை வினவும் வழக்கம் அராபியரிடையே இருந்தது. அத்தகைய நிலைகளை அவர்கள் மன்சூபா என்று வழங்கினர். சதுரங்கப் புதிருக்கு அதுவே தொடக்கம் எனலாம்.

காலப்போக்கில் இப்புதிர்கள் இருவகையாகப் பிரிந்தன. இத்தனை நகர்வுகளுள் பகையரசனை வீழ்த்துக என்று எல்லை வகுத்துக் கூறுவது ஒருவகை. வெள்ளைக்காயினர் வெல்லும் வழி யாது, அல்லது தோல்வியினின்று தப்பும் வழி யாது என்று எல்லை வகுக்காமல் கேட்பது மற்றொரு வகை. முன்னதில் காய்கள் பலவாக நிறைந்திருக்கும். உண்மை ஆட்டத்தில் அவை அவ்வாறு நிற்பது அரிது. பின்னதிலோ காய்கள் சிலவே இருக்கும். ஆட்டம் முடியுந்தறுவாயில் இயல்பாகவே தோன்றக்கூடிய நிலையாக அது காட்சியளிக்கும். இவ்விரண்டாம் வகையினை முடிவாட்டப் புதிர் என்று கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை முதல்வகைப் புதிர்களே பெரிதும் போற்றப்பட்டன. முடிவாட்டப் புதிரோ ஆடப் பழகுவோர்க்கு உதவும் பாடப்பயிற்சி என்ற அளவிலேயே பெரும்பாலும் கருதப்பட்டது. அதனை ஒரு நுண்கலையாக உயர்த்திய பெருமை திரோயிட்ஸ்கிக்கு உரியது.

அலெக்ஸி அலெக்ஸியேவிச் திரோயிட்ஸ்கி 1866ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், அக்காலத்தில் உருசியப் பேரரசின் தலைநகராக விளங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அந்நகரிலிருந்த வனவியற் கல்லூரியிற் பயின்றார். மரங்களின் இயல்பையும், காடுகளை வளர்த்துக் காக்கும் முறைகளையும் கற்றுவந்த அம்மாணவரின் ஓய்வு நேரத்தைச் சதுரங்கம் கவர்ந்துகொண்டது.

அந்நாளில் அந்நகரில் மிகயில் சிகோரின் என்னும் சதுரங்கப் பேராசான் வாழ்ந்துவந்தார். உலக வாகையராக விளங்கிய ஸ்டைனிட்சை எதிர்த்து 1889ஆம் ஆண்டிலும் 1892ஆம் ஆண்டிலும் கியூபா நாட்டு அவானா நகரில் போட்டியிட்ட பெருவீரர் அவர். அவ்விரு போட்டிகளிலும் வாகை அவருக்குக் கிட்டவில்லையாயினும், உருசிய நாட்டு இளைஞர் பலர் சதுரங்கத்தில் ஈடுபட அவரே காரணராயினார். அவருடைய தொடர்பு திரோயிட்ஸ்கிக்குக் கிடைத்தது. நோவயே விரேமியா என்னும் செய்தித்தாளில் சதுரங்கப் பகுதியைச் சிகோரின் நடத்திவந்தார். 1895ஆம் ஆண்டில் திரோயிட்ஸ்கியின் முடிவாட்டப் புதிர்கள் அப்பகுதியில் வெளிவரத் தொடங்கின. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தொன்பது.

அவர் தொடக்க காலத்தில் இயற்றிய புதிர் ஒன்றினைக் காண்போம். அதில் வெள்ளைக்கு அரசன், மூலைவாட்டில் செல்லும் மந்திரி, காலாள் ஒன்று என மூன்று காய்களே உள்ளன. கறுப்புக்கு அரசனும் இரு காலாட்களும் உள்ளனர். வெள்ளைக் காலாள் கடைசிக் கட்டத்தை அடைந்துவிட்டால் அஃது அரசியாக மாறும். அரசி கிடைத்தால் வெற்றி உறுதி. ஆதலின் இப்புதிரைக் காண்போர் அனைவரும் அக்காலாளைக் காத்து முன்னேற்றுவதிலேயே கருத்தைச் செலுத்துவர்.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. ஓர் அரசன் தாக்கப்படாத நிலையில் இருக்கும்பொழுது, அவனுக்கும் அவனுடைய காய்களுக்கும் நகர இடமே இல்லாமற் போனால் ஆட்டம் சமனாக முடியும். எவ்வளவு வலிமை பெற்றிருப்பினும் அந்நொடியில் எதிரியின் வெற்றி பறிபோகும். இப்புதிரில் வெள்ளைக் காலாள் அரசியாவதற்கு ஒரு கட்டம் முன்னர் நின்றுகொண்டு, கறுப்பரசனின் இருபுறத்துக் கட்டங்களையும் அடைத்துவிடுகின்றது. வெள்ளையரசன் துணைக்கு விரைந்து வந்தாலோ கறுப்புக்கு நகர ஒரு வழியும் இராது, ஆட்டம் சமனாகிவிடும். கறுப்புக்காயினர் தம் காலாளைப் பலியாக வைத்து ஆசை காட்டுவதும் உண்டு. அதனை வெட்டினாலும் சமனே.

திரோயிட்ஸ்கி காட்டும் வழி வியப்பிற்குரியது. வெள்ளை அக்காலாளை ஒரு கட்டம் முன்னேற்றி அரசியாக்குகின்றது. ஆக்கிய அக்கணமே கறுப்பரசன் அவ்வரசியை வெட்டுமாறு விட்டுவிடுகின்றது. பெறற்கரிய அரசியை இழந்தபின் வெள்ளைக்கு எஞ்சுவன அரசனும் மந்திரியும் மட்டுமே. ஓர் அரசனையும் ஒரு மந்திரியையும் மட்டும் கொண்டு பகையரசனை வீழ்த்த இயலாது என்பது சதுரங்கம் கற்பவர் முதலில் அறியும் செய்தி. ஆயினும் இங்கு அது நிகழ்கின்றது. காலாள் நீங்கியமையால் கறுப்பரசனுக்கு மூலைக்கட்டம் திறக்கின்றது. அவன் செல்லக்கூடிய இடம் அஃது ஒன்றே. அங்கே அவன் ஒதுங்குகின்றான். வெள்ளையரசன் அருகே வந்து வழியை அடைக்கின்றான். கறுப்பின் ஒரு காலாள் தன் அரசனின் பக்கத்திலேயே நின்று அவன் தப்பும் வழியை மறித்துக்கொண்டிருக்கின்றது. மற்றொரு காலாள் நகர்ந்தே ஆகவேண்டும். அது நகர்ந்தவுடன் தனியொரு மந்திரி முன்சென்று அரசனை வீழ்த்துகின்றது. ஆறே நகர்வுகளில் யாவும் முடிகின்றன.

பெரும்பொருளை வைத்துக்கொண்டு வெல்வதில் வியப்பில்லை. எதனைக் காப்பதற்காகப் போராடினோமோ அதனையே உரிய நேரத்தில் விட்டுக்கொடுத்து, எஞ்சிய சிறுபொருளால் வெல்வதே இப்புதிரின் உயிர். பகைவனுடைய காயே பகைவனுக்குத் தளையாவதும் இதில் அமைந்துள்ளது. இவற்றையெல்லாம் ஆறு காய்களுக்குள் அடக்கிக் காட்டியமையே திரோயிட்ஸ்கியின் திறம்.

இத்தகைய புதிரை இயற்றுதல் எளிதன்று. முதலில் முடிவுக்காட்சி இயற்றுவோன் உள்ளத்தில் தோன்றும். அதிலிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கிச் சென்று தொடக்க நிலையை அவன் அமைத்தல் வேண்டும். பலகையில் வீண்காய் ஒன்றும் நிற்றலாகாது. வெல்லும் வழி ஒன்றாகவே இருத்தல் வேண்டும்; வேறொரு வழியும் உண்டென்று எவரேனும் காட்டிவிட்டால் புதிர் பழுதுபட்டதாகும். ஆதலின் கறுப்பு எவ்வாறெல்லாம் எதிர்க்கக்கூடும், வெள்ளை வேறெவ்வாறெல்லாம் முயலக்கூடும் என்று கிளைகிளையாகப் பிரித்து ஆராய்தல் இன்றியமையாதது. கணக்குப் போட்டுக் காட்டும் பொறிகள் அக்காலத்தில் இல்லை. பலகையும் காய்களும் தாளும் எழுதுகோலும் பொறுமையுமே கருவிகள்.

அப்பொறுமையை வளர்க்கும் சூழல் திரோயிட்ஸ்கிக்கு வாய்த்தது. கல்லூரிப் படிப்பு முடிந்தபின் அவர் ஸ்மொலென்ஸ்க் மாநிலத்தில் வன அலுவலராகப் பணியாற்றினார். தலைநகரின் சதுரங்கக் கழகங்கள் தொலைவில் இருந்தன. எதிரமர்ந்து ஆடுதற்கேற்ற வல்லுநரும் அருகில் இலர். வேறொருவராயின் அத்தனிமையில் தம் கலையை மறந்திருப்பர். திரோயிட்ஸ்கியோ தனித்திருந்து செய்தற்கேற்ற கலையையே தமதாக்கிக்கொண்டிருந்தார். புதிர்களை இயற்றி இதழ்களுக்கு அனுப்பினார். அவை தாய்நாட்டிலும் செருமனி முதலிய பிறநாடுகளிலும் அச்சேறின. அதே காலத்தில் பிரான்சு நாட்டு லியோன் நகரிற் பிறந்த ஆன்றி ரிங்க் என்பாரும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றார். இன்றைய முடிவாட்டப் புதிர்க்கலைக்கு வித்திட்டோர் என்று இவ்விருவரையும் சேர்த்துக் கூறுவது வழக்கம். ரிங்க் நுண்மையும் ஒழுங்கும் மிக்க அமைப்புகளை விரும்பினார். திரோயிட்ஸ்கியோ எதிர்பாராத திருப்பங்களையும் உயிர்த்துடிப்புள்ள போராட்டத்தையும் விரும்பினார்.

புதிர்களை இயற்றியதோடு அவர் அமையவில்லை. நூற்றாண்டுக்கு மேலாகத் தீர்வின்றிக் கிடந்த ஓர் ஐயத்தையும் அவர் ஆராயப் புகுந்தார். அரசனும் இரண்டு குதிரைகளும் ஒருபுறம் நிற்க, தனியரசன் மறுபுறம் நின்றால், அவ்வரசனை வலிந்து வீழ்த்த இயலாது. மூலையில் அவனை அடைக்கும் தறுவாயில் அவனுக்கு நகர இடமின்றிப் போய் ஆட்டம் சமனாகிவிடும். ஆனால் அத்தனியரசனுக்குத் துணையாக ஒரு காலாள் இருக்குமாயின் நிலைமை மாறுகின்றது. அரசனுக்கு இடமில்லாதபொழுது காலாள் நகரலாம்; நகர இடமுண்டாகவே சமன் என்னும் புகலிடம் மறைகின்றது. எனவே துணையாக வந்த காலாளே தன் அரசனின் வீழ்ச்சிக்குக் காரணமாகின்றது. ஒரு குதிரை காலாளின் முன்னே நின்று அதனைத் தடுத்து நிறுத்த, மற்றொரு குதிரையும் அரசனும் பகையரசனை மூலைக்கு ஓட்டிச் செல்லவேண்டும். உரிய நேரத்தில் தடுத்துநின்ற குதிரையும் வந்து சேர்ந்து, காலாள் அரசியாகித் தன் அரசனைக் காக்குமுன் அவனை வீழ்த்தவேண்டும்.

இவ்வாறு சிலபொழுது வெல்ல இயலும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சிலர் அறிந்திருந்தனர். எப்பொழுதெல்லாம் இயலும் என்பதுதான் விளங்காதிருந்தது. காலாள் மிகவும் முன்னேறியிருந்தால், குதிரை விலகியவுடன் அஃது அரசியாகிவிடுமன்றோ? அங்ஙனமாயின் எதுவரை முன்னேறலாம்? திரோயிட்ஸ்கி இவ்வினாவைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1906ஆம் ஆண்டு தொடங்கித் தம் ஆராய்ச்சியைச் செருமானியச் சதுரங்க இதழொன்றில் தொடர்ந்து வெளியிட்டார்.

அவர் கண்ட விடை எளிதில் மனங்கொள்ளத்தக்கது. பலகையின் இரு ஓர வரிசைகளிலும் நடுவிலுள்ள இரு வரிசைகளிலும் காலாள் தான் தொடங்கிய இடத்திலிருந்து மூன்று கட்டங்கள் வரை வந்திருக்கலாம். ஓரத்தை அடுத்த வரிசைகளில் ஒரு கட்டமே வந்திருக்கலாம். அவற்றிற்கும் நடுவரிசைகளுக்கும் இடைப்பட்ட வரிசைகளில் இரண்டு கட்டங்கள் வந்திருக்கலாம். இவ்வெல்லையைக் கடவாதபடி ஒரு குதிரையால் உறுதியாகத் தடுக்கப்பட்டிருப்பின், அரசர்கள் எங்கே நிற்பினும் இரண்டு குதிரைகளை உடையவருக்கே வெற்றி. இவ்விடங்களை இணைத்தால் ஏறியிறங்கும் ஒரு கோடு பலகையில் தோன்றும். அக்கோடு உலகெங்கும் திரோயிட்ஸ்கி கோடு என்று வழங்குகின்றது.

இதில் மற்றுமொரு சிக்கலும் இருந்தது. எக்காயும் வெட்டப்படாமலும் எக்காலாளும் நகராமலும் ஐம்பது நகர்வுகள் கழிந்தால் ஆட்டத்தைச் சமன் என்று கோரலாம் என்பது சதுரங்க விதி. திரோயிட்ஸ்கி கண்ட வழிகளுட் சில ஐம்பது நகர்வுகளையும் கடந்து நீண்டன. விதியின் எல்லைக்குள் அடங்காமைபற்றி அவர் தம் ஆராய்ச்சியைச் சுருக்கிக்கொள்ளவில்லை; உண்மை எதுவரை சென்றதோ அதுவரை அவரும் சென்றார். பிற்காலத்தில், 1980களில் தொடங்கிச் சிலகாலம், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இவ்வகை முடிவாட்டங்களுக்கு ஐம்பதிற்கு மேற்பட்ட நகர்வுகளை அனுமதித்தது. 1992ஆம் ஆண்டில் பழைய விதியே மீண்டும் நிலைபெற்றது.

திரோயிட்ஸ்கி வாழ்ந்த காலம் உருசிய நாட்டிற்குப் பெருங்கொந்தளிப்பான காலம். உலகப்போரும் புரட்சியும் உள்நாட்டுப் போரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேரரசு வீழ்ந்தது; புதிய ஆட்சி எழுந்தது. அவர் பிறந்த நகரின் பெயரும் 1914ஆம் ஆண்டில் பெத்ரோகிராடு என்றும், 1924ஆம் ஆண்டில் லெனின்கிராடு என்றும் மாறிற்று. இம்மாற்றங்களுக்கிடையே அவருடைய கலைப்பணி வளர்ந்துகொண்டேயிருந்தது. 1924ஆம் ஆண்டில் அவருடைய 500 முடிவாட்டப் புதிர்களைக் கொண்ட தொகுதி பெர்லின் நகரில் வெளியாயிற்று. 1928ஆம் ஆண்டில் கலைத்துறைச் சான்றோர்க்கு உரிய சிறப்புப் பட்டத்தை உருசியக் குடியரசு அவருக்கு வழங்கிற்று. ஓவியர்க்கும் இசைவாணர்க்கும் நாடகக் கலைஞர்க்கும் அளிக்கப்பெறும் அச்சிறப்பு, சதுரங்கப் புதிர் இயற்றிய ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. அவருடைய கலையும் கலையே என்பது அவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்டது.

1930களின் இடைப்பகுதியில் அவருடைய தேர்ந்தெடுத்த 360 புதிர்கள் தாய்நாட்டில் நூலாக வெளிவந்தன. இரு குதிரைகளைப் பற்றிய ஆராய்ச்சியும் அந்நூலில் இணைக்கப்பட்டிருந்தது. 1937ஆம் ஆண்டில் அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலிருந்து வெளியாயிற்று. அப்பொழுது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். அவர் இயற்றிய புதிர்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்டனவாகும்.

முதுமையில் அமைதியாக வாழவேண்டிய அவருக்கு மிகக் கொடிய காலம் நேர்ந்தது. 1941ஆம் ஆண்டு சூன் திங்களில் செருமானியப் படைகள் சோவியத்து நாட்டின்மேற் படையெடுத்தன. செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் லெனின்கிராடு நகரைச் சூழ்ந்துகொண்டன. 1944ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள்வரை, ஏறத்தாழ 900 நாள்கள் அம்முற்றுகை நீடித்தது. நகரின் தரைவழிகள் அடைபட்டன. முதற்குளிர்காலத்தில் உணவு அறவே குறைந்தது. நவம்பர்த் திங்களின் பிற்பகுதியிலிருந்து ஒரு மாத காலத்திற்குமேல், தொழிலாளர் அல்லாதார்க்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டியே. அதிலும் மாவல்லாத பொருள்கள் கலந்திருந்தன. விறகில்லை, விளக்கில்லை, குழாய்களில் நீர் உறைந்தது. இலட்சக்கணக்கான மக்கள் பசியால் மடிந்தனர்.

அவருக்கு இளையவரும், முடிவாட்டப் புதிர்க்கலையில் அவருக்கு அடுத்துப் போற்றத்தக்கவருமான லியோனிட் குப்பெல் அந்நகரில் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் உயிர்நீத்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் திரோயிட்ஸ்கியும் பசியின் கொடுமையால் மறைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை எழுபத்தாறு. நகர இடமின்றி அடைபட்ட அரசனுக்கும் தப்பும் வழி காண்பதில் வாழ்நாளைச் செலவிட்ட அம்முதியவர்க்கு, அடைபட்ட அந்நகரினின்று தப்பும் வழி கிட்டாமற் போயிற்று. அவர் அரிதின் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அப்பேரழிவில் அழிந்தன. அவற்றுள் எத்தனை புதிர்கள் முடியும் நிலையில் இருந்தனவோ, எத்தனை உண்மைகள் வெளிப்படக் காத்திருந்தனவோ, அவை யாவும் அவருடனேயே மறைந்தன.

எனினும் அச்சேறி உலகிற்குக் கிடைத்தவை அழியவில்லை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், சில காய்களே எஞ்சிய சதுரங்க நிலைகள் அனைத்தையும் முற்றக் கணக்கிட்டுக் காட்டும் ஆற்றலைக் கணிப்பொறிகள் பெற்றன. இரு குதிரைகளுக்கும் ஒரு காலாளுக்கும் இடையே நிகழும் முடிவாட்டத்தையும் அவை ஒரு நிலை விடாது கணக்கிட்டன. வெற்றிக்கு 115 நகர்வுகள்வரை தேவைப்படும் நிலைகளும் உண்டென்பது அப்பொழுது தெரியவந்தது. திரோயிட்ஸ்கி வகுத்த கோடோ சரியென்றே உறுதியாயிற்று. ஜான் நன் என்னும் ஆங்கில நாட்டு வல்லுநர், அவ்வாராய்ச்சியைப் பொறிகளின் விடையோடு ஒப்புநோக்கி, அதன் திருத்தத்தை வியந்து பாராட்டினார். கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்தபொழுது திரோயிட்ஸ்கியின் புதிர்களுட் சில பழுதுடையன என்று தெரிந்ததும் உண்டு. மனித முயற்சியில் அஃது இயல்பே. எழுநூற்றுக்கு மேற்பட்டவற்றை வெறும் பலகையின்முன் அமர்ந்து இயற்றிய ஒருவரிடம், பிழைகளின் எண்ணிக்கையினும் பிழையின்மையின் அளவே நம் கருத்தைக் கவர்கின்றது.

புகழை நாடிச் செய்யும் தொழில் புகழ் கிட்டாதபொழுது தளரும். பிறர் காணவேண்டுமென்று செய்யும் தொழில் காண்பாரில்லாத இடத்தில் நின்றுவிடும். காட்டின் நடுவே, விளக்கொளியில், எவரும் வினவாத ஒரு வினாவிற்கு விடை தேடிய திரோயிட்ஸ்கிக்கு அவ்விடை சரியா தவறா என்று கூறுவார் அருகில் இலர். அவர் தமக்குத் தாமே எதிராளியாக இருந்தார். தம் கருத்தைத் தாமே பன்முறை தாக்கிப் பார்த்து, தாக்குதலுக்குத் தாங்கி நின்றதையே உண்மையென்று ஏற்றார். அதனாலன்றோ அவரை அழித்த போர் அவர் கண்ட உண்மையை அழிக்க இயலாது போயிற்று!

1991ஆம் ஆண்டில் அவர் பிறந்த நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் தன் பழம்பெயரை மீண்டும் பெற்றது. அரசுகளும் ஊர்ப்பெயர்களும் மாறிய அந்நூற்றாண்டில் மாறாது நின்றவற்றுள் 64 கட்டங்களின்மேல் அவர் வரைந்த அக்கோடும் ஒன்று. இன்று எந்நாட்டு மாணவனாயினும் பலகையின்முன் அமர்ந்து இரு குதிரைகளைக் கையில் எடுப்பானாயின், அக்காட்டலுவலரின் பொறுமை அவனுக்கு வழிகாட்டி நிற்கும்.